ஊசி ரிஜிஸ்டர்

ராத்திரி ஒன்று பத்து.
பேக்கிங்கில் இன்னும் நாற்பது பெட்டி.
என் போனுக்குள் தாரகேஸ்வரி
ஒரு நீலப் புள்ளியாக
மிலான் நகரத்தில் நடந்துகொண்டிருக்கிறாள்.

அங்கே இன்னும் பத்துகூட ஆகவில்லையாம்.
திருப்பூருக்கு மூன்றரை மணி நேரம்
பின்னால் வருகிற ஊர்.
அப்படியென்றால் அவளுக்கு வரப்போவது
நமக்கு முன்னாலேயே தெரிய வேண்டாமா
என்று கேட்டேன் டீ குடிக்கையில்.
கட்டிங் சென்னியப்பன் சிரித்தான்.
நான் சிரிக்கக் கேட்கவில்லை.

முதலாளிக்கு முட்டியில் ஆபரேசன்.
பையருக்குச் சாம்பிள் காட்ட
மெர்ச்சண்டைசர் புள்ளையே போகட்டும் என்றார்கள்.
ஆளுக்கொரு புத்தி சொல்லி அனுப்பினார்கள்.
பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தனியா வெய்யி அம்மிணி.
டாக்சியில பின் சீட்டுல உக்காரு.
வழி தெரியலைன்னாலும் தெரிஞ்ச மாதிரி நட.
அவள் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல்
கைப்பை வாரில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டார்.
பல்லடம் பஸ்ஸில் காலேஜ் போன காலத்தில்
துப்பட்டாவில் இருந்த அதே ஊக்கு.

புள்ளி நின்றுவிட்டது.

ஒன்று பதிமூன்று. நிற்கிறது.
ஒன்று பதினேழு.
விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன்
தெரு பெரிதாகிறது, அவள் பெரிதாகவில்லை.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால்
மெசினை நிறுத்த வேண்டும்.
துண்டுகளைப் பொறுக்கி வந்து
ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி
முழு ஊசி சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான்
புது ஊசி தருவேன்.
மொனை மட்டும் குறைந்தாலும்
அன்றைக்குத் தைத்த அத்தனை பீஸும் திரும்ப வரும்.
எந்த நாட்டிலோ ஒரு குழந்தைக்கு
ராத்திரி உடுப்பில் குத்திவிடக் கூடாது.
ஆறு வருசம். ஒரு மொனைகூடத் தவறியதில்லை.

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.
நாலாவதற்கு மெசேஜ் வந்தது:
"ஸ்டேசன்ல இருந்து ஒருத்தன் பின்னாடியே வந்தான்.
சார்ஜர் விக்கற கடைக்குள்ள பூந்துட்டேன்.
கல்லால இருக்கற அக்காவுக்கு என் பாசை தெரியல.
வெளிய கையக் காட்டினேன்.
ஸ்டூல் போட்டு உள்ள உக்கார வெச்சிருச்சு.
போறதுக்கு ஏதாச்சும் வாங்கோணும்ல? என்ன வாங்க?"

ஒரு வயர் வாங்கு என்று அடித்தேன்.
கை நடுங்கியதில் உயிர் வாங்கு என்று போய்விட்டது.

ஒன்று ஐம்பதுக்குப் புள்ளி
ஓட்டல் மேல் ஏறி உட்கார்ந்தது.
"ரூமுக்கு வந்துட்டேன்."
ரிஜிஸ்டரை மூடினேன்.

ரெண்டு பத்துக்கு வேன்
ஆண்டிபாளையம் பிரிவில் இறக்கிவிட்டது.
லைன் வீட்டுச் சந்துக்குள் திரும்ப இடமில்லை என்பது
டிரைவர் தினமும் சொல்கிற காரணம்.
அங்கிருந்து எழுநூறு எட்டு வைக்க வேண்டும்.
எண்ணியிருக்கிறேன்.
சாயத்தண்ணி வாசம், மூடின டாஸ்மாக்,
மூடாத அதன் படிக்கட்டில் நாலைந்து பீடி வெளிச்சம்.
நாய்களுக்கு என்னைத் தெரியும்.

போன் அதிர்ந்தது.
"உன்னுதப் போடு."
எதுக்கு?
"போடுன்னா போடு."

நான் மிலானுக்கா வந்திருக்கேன்,
வீட்டுக்குத்தானே போறேன் என்று அடித்தவள்
அழித்துவிட்டுப் போட்டேன்.
ஆறு வருசமாக நடக்கிற சந்தில்
முதல் தடவை நான் ஒரு புள்ளி.
சார்ஜ் நாலு சதவீதம்.

படிக்கட்டைத் தாண்டினதும்
செருப்பு வார் அறுந்தது.
குனிந்தேன். கோத்துவிடலாம் என்று பார்த்தால்
என் துப்பட்டாவில் ஊக்கு இல்லை.
பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அதற்குள் மணி அடித்தது.
"ஏன் நின்னுட்டே?" என்றாள்.
கடல்களுக்கு அந்தப்பக்கம்
அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு,
படிக்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி,
"நடந்துட்டேதான் இருக்கேன், பேசு" என்றேன்.